தோபியாவின் நாயும் கோயில் வாசற்படியும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், கண்டி நகரை அடுத்த தோட்டமொன்றின் சிற்றாலயத்துக்கு ஞாயிறு திருப்பலி நிறைவேற்றச் சென்றிருந்தேன். வாசற்படியில் காகிதப் பெட்டியொன்று இருந்தது. காணிக்கைப் பொருளாக இருக்கும் என எண்ணித் திறந்தேன். உள்ளே கண் திறவாத நான்கு நாய்க்குட்டிகள். நான்கும் பெண் குட்டிகள். ஒன்று ஏற்கெனவே இறந்திருந்தது. "யாராவது பாத்துக்குவாங்கன்னு கோயில்ல விட்டுட்டுப் போயிருப்பாங்க பாதர்" என்றார் உபதேசியார், இது புதிய செய்தியன்று என்ற தொனியில்.

உண்மையில் அது புதிய செய்தியன்று. விகாரை முற்றத்திலும், மாரியம்மன் கோயில் மண்டபத்திலும், பள்ளிவாசல் மதிலோரத்திலும் இதே பெட்டியைக் காணலாம். கொல்ல மனம் வரவில்லை. வளர்க்கவும் மனம் வரவில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட அந்த அரை மனச்சாட்சியே வழிபாட்டுத் தலத்தைத் தேடி வருகிறது. தன்னால் இயலாததை இறைவன் தலையில் கட்டிவிட்டுத் திரும்பிப் பாராமல் நடப்பதும் ஒருவகைச் செபம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம் போலும்.

அன்பார்ந்த வாசகர்களே, நம் திருவிவிலியத்தில் நாய் என்ற சொல் பெரும்பாலும் இழிசொல்லாகவே வருகிறது. ஆனால் கத்தோலிக்கராகிய நாம் வாசிக்கும் தோபித்து நூலில் மட்டும் ஒரு நாய் வேறு விதமாகத் தோன்றுகிறது. இளைஞன் தோபியா இரபேல் வானதூதரோடு தூரதேசம் புறப்படும்போது அந்த நாயும் உடன் செல்கிறது. பதினோராம் அதிகாரத்தில் அவர்கள் வீடு திரும்பும்போதும் பின்னே வருகிறது. அது எந்த அற்புதமும் செய்யவில்லை. வானதூதர் அதை விரட்டவும் இல்லை.

நம் நாட்டில் நாய்களை விரட்டிய வரலாறு நீண்டது. விசர்நாய்க்கடி நோயைத் தடுப்பதற்கான கட்டளைச் சட்டம் 1893இல் இயற்றப்பட்டது. அதன் பின்னர் தலைமுறை தலைமுறையாகக் கட்டாக்காலி நாய்களைப் பிடித்துக் கொல்வதே வழக்கமாயிருந்தது. அவ்வாறு கொன்றும் 1973ஆம் ஆண்டில் மட்டும் 377 பேர் இந்நோயால் மாண்டதாகப் பதிவாகியுள்ளது. அண்மைய ஆண்டுகளில் அந்தத் தொகை இருபது, முப்பது அளவுக்குக் குறைந்திருக்கிறது. இதற்கு முக்கிய காரணம் தடுப்பூசியே. நாய்க்குப் போடும் ஊசியும், கடிபட்டவருக்கு அரச மருத்துவமனையில் போடும் ஊசியும். நாய்களைக் கொல்வதை நிறுத்தும் கொள்கை 2006இல் அறிவிக்கப்பட்ட பின்னரும் மரணங்கள் பெருகவில்லை. ஒரு பகுதியிலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்காவது தடுப்பூசி கிடைத்தால் நோயின் சங்கிலி அறும் என்பது வல்லுநர் கணிப்பு. ஊசி போட்ட நாயைக் கொன்றால் அவ்விடத்துக்கு ஊசி போடாத நாயே வந்து சேரும்.

கண்டியில் இப்பணியைச் செய்துவரும் தன்னார்வ அமைப்பொன்றின் பெயர் என்னைச் சிந்திக்க வைத்தது. 'விலங்கு நலத்தின் வழியாகச் சமூகத்தைக் காக்கும் கண்டிச் சங்கம்' என்பது அப்பெயரின் பொருள். நாய்களுக்குத் தடுப்பூசியும் கருத்தடைச் சத்திரசிகிச்சையும் செய்விப்பதே அதன் பணி. நாயா, மனிதனா என்று நாம் பிரித்துக் கேட்கும் கேள்விக்கு அப்பெயரிலேயே விடை இருக்கிறது.

அக்கேள்வியை நான் அலட்சியம் செய்யவில்லை. லயத்து வீட்டில் பிள்ளைக்குப் பால்மா வாங்க வழியில்லாதபோது நாய்க்கு என்ன பாடு என்று தாயொருத்தி கேட்டால், அவளுக்கு முன் நான் தலைகுனிந்தே நிற்பேன். திருச்சபையின் மறைக்கல்வியும் 2418ஆம் எண்ணில் இரு பக்கத்தையும் சொல்கிறது: விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு முரணானது, மனிதத் துயர் துடைக்க வேண்டிய பணத்தை விலங்குகள் மீது கொட்டுவதும் தகாது. ஆனால் விசர்நாய் கடிப்பது யாரை? மதிலும் கதவும் உள்ள வீட்டாரை விட, பாடசாலைக்கு நடந்து செல்லும் தோட்டத்துப் பிள்ளையையே அது எளிதில் எட்டும். நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. ஏழையின் பிள்ளையைக் காக்க வேண்டுமாயின் ஏழையின் நாய்க்கு ஊசி போட வேண்டும். அந்த ஊசிக்கு அரசு பணம் கேட்பதும் இல்லை.

இன்னொரு எச்சரிக்கையும் கண்டியில் வாழும் நமக்குத் தேவை. 2013ஆம் ஆண்டு வெசாக் நாளில் தலதா மாளிகை அருகே, மாடறுப்பைத் தடைசெய்யக் கோரித் துறவி ஒருவர் தம் உடலில் தீ மூட்டிக்கொண்டு மறுநாள் உயிர்நீத்தார். அவரது வேதனையை நான் எடைபோட வரவில்லை. ஆனால் உயிரிரக்கம் என்ற நல்ல சொல் அயலவன் ஒருவனைச் சுட்டும் விரலாகவும் மாறக்கூடும் என்பதை அக்காலத்தில் கண்டோம். 2018 மார்ச்சில் திகனையில் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அதற்குக் காரணம் மாடு அன்று. ஆயினும் அயலவனின் உணவையும் உடையையும் பழித்துப் பழகிய நாவுகள் அதற்கு முன்னரே ஓயாது உழைத்திருந்தன. விடுதலைப் பயண நூல் 23ஆம் அதிகாரம் பகைவனின் கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால் கடந்து போகாதே, தூக்கிவிடு என்கிறது. கழுதைக்கு உதவுகையில் பகைவனும் மறுபக்கம் கைகொடுக்க வேண்டியிருக்கும். சட்டத்தை அளித்தவர் இதை அறிந்தே அளித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ஆகவே நம் பங்குகளிலுள்ள வின்சென்ட் தெ பவுல் சபையினரும், மரியாயின் சேனையினரும், இளைஞர்களும் இதைத் தம் பணிகளுள் ஒன்றாக ஏற்றால் என்ன? வீடு சந்திக்கப் போகிறவர்கள் எந்த வீட்டு நாய்க்கு ஊசி போடவில்லை என்பதையும் குறித்து வரலாம். மிருக வைத்தியர் வரும் நாளில் வயோதிபர் வீட்டு நாயைப் பிடித்துக் கொடுக்க இளைஞர் இருவர் போதும். விகாரையின் இளைஞர்களும் கோயில் பரிபாலன சபையினரும் பள்ளிவாசல் நிர்வாகத்தினரும் அதே நாளில் அதே மைதானத்துக்கு வந்தால் இன்னும் நன்று. சர்வமத மாநாட்டு மேடையில் கிடைக்காத அறிமுகம், கடிக்க வரும் நாயொன்றை ஆளுக்கொரு பக்கம் பிடிக்கும்போது கிடைக்கும். நாய் கடித்துவிட்டால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்கு விரைய வேண்டும் என்பதை மறைக்கல்வி வகுப்பிலும் சொல்லலாம்.

செப்டெம்பர் 28 உலக விசர்நாய்க்கடி நோய் தினம். தடுப்பூசியைக் கண்டளித்த லூயி பாஸ்டர் 1895இல் மறைந்த நாள் அது. ஆறு நாள் கழித்து, ஒக்டோபர் 4இல், அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் திருநாள். அன்று சில ஆலயங்களில் செல்லப் பிராணிகள் மீது தீர்த்தம் தெளிப்பார்கள். நானும் தெளித்திருக்கிறேன். அந்த வரிசையின் மறுமுனையில் மிருக வைத்தியரும் ஒரு மேசை போட்டு அமர்ந்திருக்க வேண்டும் என்பதே என் ஆசை.

பெட்டியில் எஞ்சிய மூன்று குட்டிகளில் இரண்டு அந்த வாரத்திலேயே இறந்தன. ஒன்றை உபதேசியார் வளர்த்தார். பேராதனைக்குக் கொண்டு சென்று கருத்தடையும் செய்வித்தார். இப்போது அது ஒவ்வொரு ஞாயிறும் அவர் பின்னே வந்து ஆலய வாசலில் படுத்திருக்கும். பிரசங்கம் நீண்டால் மட்டும் எழுந்து வெளியே போய்விடும்.