ஊரேடு வாழட்டும்!

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலே இருக்கிறது வடகரை. மலையிலிருந்து யானைகள் இறங்கின, தென்னையைச் சாய்த்தன, வாழையை மிதித்தன என்ற செய்தி அவ்வூரிலிருந்து அடிக்கடி வருகிறது. தலைநகரத்துக்கு அது இடமிருந்தால் போடுகிற நாலு வரிச் செய்தி. தென்னையைப் பறிகொடுத்தவனுக்கோ அது பத்தாண்டு உழைப்பு. அந்த நாலு வரியும் வராமற் போனால் என்ன ஆகும்? இழப்பீடு கேட்டுக் கொடுத்த மனு மேசையிலே உறங்கும். எழுப்புவார் இருக்கமாட்டார்கள். அடவிநயினார் அணையில் தண்ணீர் எவ்வளவு, மதகு திறப்பது என்றைக்கு, கடைமடைக்கு ஏன் வரவில்லை என்று கேட்பார் இல்லாவிட்டால், பதில் சொல்வாரும் இருக்கமாட்டார்கள்.

கேட்பதற்கென்று ஒரு வாய் வேண்டும். அந்த வாய்தான் ஊரேடு. அதாவது, எந்தக் கட்சிக்கும் உரிமையாகாமல், ஒரு வட்டாரத்தின் நன்மை தீமையைச் சொல்லுகிற நாளேடு.

கட்சியேடு நடத்துகிற நமக்கு இந்த அக்கறை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நம் கொடியை நாம் மறைத்ததில்லை, மறைக்கவும் போவதில்லை. ஆனால் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வெட்கப்படவும் மாட்டோம். கட்சியேடு ஊருக்குக் கட்சியைச் சொல்லும். ஊரேடுதான் கட்சிக்கு ஊரைச் சொல்லும். நம் தோழர்கள் நமக்கு எழுதும்போது, கூட்டத்திற்கு வந்தவர்களை எண்ணி எழுதுகிறார்கள். வராமல் முகந்திருப்பி நின்றவர்களை எண்ணுவதில்லை. அதை எண்ணிச் சொல்ல வேறொருவர் வேண்டும்.

வட்டார ஏடு எப்படிப் பிறக்கிறது என்பதற்கு இந்தத் தென்கோடியே சான்று. தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் இடையே சில கல் தொலைவுதான். ஆனால் 1956-ஆம் ஆண்டுவரை அந்தச் சில கல் தொலைவிலே ஒரு மாநில எல்லை குறுக்கே கிடந்தது. தென்காசி சென்னை மாநிலம், செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் நிலையும் செங்கோட்டையின் நிலைதான். வீட்டிலே தமிழ்; வயலிலே தமிழ்; ஆட்சிப் பீடமோ திருவனந்தபுரத்திலே!

அந்தத் திருவனந்தபுரத்திலேயே, 1951-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள், ஒரு தமிழ் நாளேடு வெளிவந்தது. அதுதான் ‘தினமலர்’. தொடங்கியவர் நாஞ்சில் நாட்டவரான டி.வி. இராமசுப்பையர். தமிழ்ப் பகுதிகள் தாய்த் தமிழகத்தோடு சேரவேண்டும் என்ற கோரிக்கைக்கு அவ்வேடு துணைநின்றது. மார்ஷல் நேசமணி தலைமையிலே திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடிய காலம் அது. 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கி முழங்கிற்று. தமிழர் உயிர் பறிபோயிற்று. 1956 நவம்பர் 1-ஆம் நாள் நான்கு வட்டங்கள் குமரி மாவட்டமாயின. செங்கோட்டை வட்டத்தின் பெரும்பகுதி திருநெல்வேலியோடு சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் சேரவில்லை என்ற வடு இன்றும் இருக்கிறது. மறு ஆண்டே, 1957-இல், ‘தினமலர்’ நெல்லைக்கு இடம்பெயர்ந்தது. மக்களுக்கு எல்லை மாறிற்று. மக்களைத் தொடர்ந்து ஏடும் வந்து சேர்ந்தது!

அவ்வேடு பின்னாளிலே எழுதியவற்றில் நமக்கு உடன்பாடில்லாதவை பல உண்டு. அவற்றை எதிர்த்து எழுதவும் நமக்கு உரிமை உண்டு. ஆனால் அது பிறந்த காரணத்தை மறுக்க யாரால் முடியும்? தொலைவிலிருந்து வந்த ஏடுகள் சொல்லாததைச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. அதனாலே பிறந்தது.

பிறந்துவிட்டால் மட்டும் போதுமா? உரிமையோடு வாழ வேண்டாமா? அதற்கும் தென்காசியே பாடம் தருகிறது. அம்மண்ணின் மைந்தர் டி.எஸ். சொக்கலிங்கம். 1934-இல் ‘தினமணி’ தோன்றியபோது அதன் முதல் ஆசிரியர் அவர்தான். படித்தவர் மட்டுமே ஏடு படிப்பது என்றிருந்த நிலையை மாற்றி, எளியோருக்கும் புரியும் தமிழிலே அரசியலைச் சொன்னவர். 1943-இல் நிர்வாகத்தோடு கருத்து வேற்றுமை வந்தது. நாற்காலியை விட்டார்; கொள்கையை விடவில்லை. அவரோடு வெளியேறியவர்களில் புதுமைப்பித்தனும் ஒருவர். அடுத்த ஆண்டு ‘தினசரி’ என்ற நாளேட்டைச் சொக்கலிங்கம் தொடங்கினார். அந்த ஏட்டிற்கு நெடிய ஆயுள் வாய்க்கவில்லை. பேனாவுக்கு நேர்மை இருந்தது. பெட்டியிலே பணம் வேண்டுமே! சுதந்திர ஏட்டிற்கு நல்ல ஆசிரியர் மட்டும் போதாது, தாங்கிப் பிடிக்கும் வாசகரும் வேண்டும் என்பதை அது நமக்குக் கற்பிக்கிறது.

பணமில்லாமை ஒரு பகை என்றால், பகைமை கொண்ட ஆதிக்கம் இன்னொரு பகை. 1981-ஆம் ஆண்டு, மே முடிந்து ஜூன் பிறந்த நாட்களிலே, யாழ்ப்பாணத்துப் பொது நூலகம் எரிக்கப்பட்டதைத் தமிழுலகம் மறக்கவில்லை. அதே நாட்களிலே அந்நகரின் ‘ஈழநாடு’ நாளேட்டின் அலுவலகமும் எரிக்கப்பட்டதை எத்தனை பேர் நினைவிலே வைத்திருக்கிறார்கள்? நூலகத்தோடு ஏட்டையும் ஏன் எரித்தார்கள்? ஓர் இனத்தின் நேற்றைய நினைவு நூலகத்திலே இருக்கிறது. இன்றைய குரல் ஏட்டிலே இருக்கிறது. வட்டார ஏட்டின் மதிப்பு என்னவென்று நமக்கு ஐயம் வந்தால், கொளுத்தியவர்களைக் கேட்டாலே தெரியும்!

இன்று இங்கே யாரும் தீவைக்கவில்லை. ஆனால் தீயில்லாமலே ஓர் ஏட்டைச் சாம்பலாக்க முடியும். அரசு விளம்பரத்தை நிறுத்தினால் போதும். நிருபருக்கு வழக்குமேல் வழக்குப் போட்டால் போதும். இவை இரண்டுமே வேண்டாம், வாசகர் காசு கொடுத்து வாங்குவதை நிறுத்தினாலே போதும். அமெரிக்காவிலே 2005-க்குப் பிறகு செய்தித்தாள்களில் மூன்றிலொரு பங்குக்குமேல் மறைந்துவிட்டன. அவற்றிலே பெரும்பாலானவை சிற்றூர்களின் வார ஏடுகள். செல்வம் கொழிக்கும் நாட்டிலேயே அந்தக் கதி!

கைப்பேசியிலே எல்லாம் வருகிறதே என்பார்கள். வருகிறது. உலகமெல்லாம் நடப்பது ஒரு நொடியிலே வருகிறது. ஆனால் வடகரைப் பேரூராட்சியின் கணக்கு வருகிறதா? கூட்டத்திலே யார் என்ன பேசினார், எந்தத் தெருவிளக்குக்கு எவ்வளவு பணம் எழுதினார்கள் என்பது வருகிறதா? வதந்தி நடந்தே வந்துவிடும். உண்மையை ஒருவர் போய்க் கேட்டு, எழுதி, பெயர் பொறுப்போடு அச்சேற்ற வேண்டும். அந்த ஆளுக்குக் கூலி கொடுக்க வேண்டாமா? 2019-இல் தென்காசி தனி மாவட்டமாயிற்று. ஆட்சியர் வந்தார், அலுவலகங்கள் வந்தன. அத்தனை அலுவலகங்களையும் கண்காணிக்கக் கண்கள் எத்தனை இருக்கின்றன?

நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. உள்ளூர் நிருபர் நம்மைப் பற்றிக் குறை எழுதினால் அவர் வீட்டுவாசலில் போய் நிற்காதீர்கள். பொய்யானால் மறுப்பு எழுதுங்கள். நம் பக்கம் திறந்திருக்கிறது. மெய்யானால் திருத்திக்கொள்ளுங்கள். ஆட்சியிலே இருக்கும்போது ஏட்டை மிரட்டுகிறவன், ஆட்சி போன பிறகு தனக்காகப் பேச ஏடு இல்லையே என்று அழ உரிமையற்றவன்.

வாசகர்களே! நம் ஏட்டை வாங்குங்கள் என்று வழக்கமாகக் கேட்போம். இன்று வேறொன்றும் கேட்கிறோம். உங்கள் வட்டாரத்தின் செய்தியை நேர்மையாகச் சொல்லுகிற ஏடு எதுவோ, அது நம்மைத் திட்டுகிற ஏடாகவே இருந்தாலும், அதையும் வாங்குங்கள். அதிலே உங்கள் ஊர்ச் செய்தி வரவில்லையென்றால், ஏன் வரவில்லை என்று எழுதிக் கேளுங்கள். நம்மை ஏசும் ஏடு இருப்பதால் நமக்கு வருவது சிறு நோவு. ஊருக்கு வாயே இல்லாமற் போனால் வருவது பெருங்கேடு.

ஊரேடு வாழட்டும், ஊர் வாழும்!