வெள்ளிக் காசும் அது கிடந்த மண்ணும்

பழங்காசொன்றைக் கையிலெடுப்பவர் முதலிற் கேட்கும் வினா, 'இதன் விலை என்ன?' என்பது. வரலாற்று மாணவன் முதலிற் கேட்கும் வினா, 'இஃது எங்கே கிடந்தது?' என்பது. இங்கிலாந்திலும் ஐக்கிய அமெரிக்க நாடுகளிலும் உலோகங் காணுங் கருவியைக் கொண்டு பூங்காக்களிலும் வயல்களிலும் பழைய வெள்ளி நாணயம் தேடும் வழக்கம் பெருகியதனால் எழுந்துள்ள வழக்குகளையும் சட்டங்களையும் நோக்குவோர்க்கு, அவையனைத்தும் இவ்விரு வினாக்களுக்கும் இடையே நிகழும் போராட்டமே என்பது விளங்கும்.

விடுமுறை நாட்களில் அந்நாடுகளிற் காதிற் கேட்பொறியும் கையில் நீண்ட கோலுமாக நிலத்தைத் துழாவிச் செல்வோரைக் காணலாம். கோலின் நுனியிலுள்ள தட்டினுள் அமைந்த கம்பிச் சுருளில் மின்னோட்டம் மாறிமாறிப் பாய, அதனைச் சூழக் காந்தப் புலம் எழுகிறது. மண்ணுள் உலோகம் கிடப்பின் அப்புலம் அதனுள்ளும் சிறு மின்னோட்டங்களைத் தூண்டும். அவற்றால் எழும் எதிர்ப்புலத்தைக் கருவி உணர்ந்து ஒலியாக மாற்றும். மின்னைக் கடத்துவதில் உலோகங்களுள் முதலிடம் பெற்றது வெள்ளி. ஆதலின், ஒரு சாண் ஆழத்திற் கிடக்கும் வெள்ளிக் காசு தெளிந்த ஒலியொன்றை எழுப்பவல்லது. அவ்வொலியைக் கேட்பதற்காகவே பலர் மணிக்கணக்காய் நடக்கின்றனர்.

இக்கருவி பொழுதுபோக்கிற்காகப் பிறந்ததன்று. 1881ஆம் ஆண்டு அமெரிக்கச் சனாதிபதி காபீல்ட் சுடப்பட்டபோது, அவர் உடலிற் பதிந்த குண்டைக் கண்டறியத் தொலைபேசியாற் புகழ்பெற்ற அலெக்சாந்தர் கிரகாம் பெல் இத்தகைய கருவியொன்றை அமைத்துச் சோதித்தார், குண்டு அகப்படவில்லை. 1941இல் யோசெவ் கொசாக்கி என்னும் போலந்துப் படை அதிகாரி ஸ்கொத்லாந்தில் இருந்து கண்ணிவெடி காணுங் கருவியை உருவாக்கினார். அடுத்த ஆண்டு எல் அலமெயின் போர்க்களத்தில் அது பயன்பட்டது. போர் முடிந்த பின்னர், உயிர்காக்க வந்த கருவி காசு தேடும் கருவியாயிற்று.

பூங்காவில் வெள்ளி கிடைப்பது எவ்வாறு என்று சிலர் வியக்கக்கூடும். அமெரிக்காவின் பத்துச் சத, இருபத்தைந்து சத நாணயங்கள் 1964 வரை நூற்றுக்குத் தொண்ணூறு வீதம் வெள்ளியால் ஆனவை. 1965ஆம் ஆண்டுச் சட்டமே அவற்றிலிருந்து வெள்ளியை அகற்றிற்று. பிரித்தானியாவில் வெள்ளி நாணயங்களின் தரம் 1920இல் நூற்றுக்கு ஐம்பது வீதமாகக் குறைக்கப்பட்டது. 1947இல் செப்பும் நிக்கலும் கலந்த உலோகம் வெள்ளியின் இடத்தைப் பிடித்தது. அதற்கு முன்பு, புற்றரையில் அமர்ந்து உணவுண்டவர் சட்டைப் பையிலிருந்தும் பந்தாடிய சிறுவர் கையிலிருந்தும் நழுவி விழுந்தவை வெள்ளிக் காசுகளே. புல் அவற்றை மூடிற்று. மண்புழுக்கள் வெளித்தள்ளிய மண் ஆண்டுக்காண்டு மேலே படிய, காசுகள் மெல்லமெல்லக் கீழிறங்கின. இன்று தோண்டுவோன் அவற்றையே மீட்கிறான்.

இதிற் குற்றம் யாதுளது? நேற்றைய காசொன்றை இன்று எடுப்பதால் எவர்க்கும் நட்டமில்லை என்றே தோன்றும். ஆயினும் ஒலி எழுப்பும் உலோகம் நேற்று விழுந்ததா, ஆயிரம் ஆண்டுகட்கு முன்பு புதைக்கப்பட்டதா என்பதைத் தோண்டு முன் கருவி அறிவிக்காது. தோண்டிய பின்போ காலங் கடந்துவிடும். புதைபொருளாராய்ச்சியாளன் மண்ணை ஏடுகள் அடுக்கிய நூலாகக் கொள்கிறான். ஒரு படையிற் கிடைத்த காசு அப்படையின் காலத்தை உரைக்கும்; உடன் கிடைக்கும் ஓடும் எலும்பும் சாம்பலும் காசு புழங்கிய வாழ்வை உரைக்கும். ஏட்டைக் கிழித்து ஒரு சொல்லை மட்டும் எடுத்துச் செல்பவன் கையிற் சொல் இருக்கும், பொருள் இராது.

இதனாலேயே அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில் இக்கருவியைப் பயன்படுத்துவது மாத்திரமன்றி, பயன்படுத்தத்தக்க நிலையில் வைத்திருப்பதுங்கூடத் தடுக்கப்பட்டுள்ளது. இங்கிலாந்திற் பாதுகாக்கப்பட்ட பழஞ்சின்னங்கள் உள்ள இடங்களில் அனுமதியின்றி இதனை இயக்குவது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். ஏனைய இடங்களிலும் நிலத்துக்கு உரியவரின் இசைவு வேண்டும். பூங்காவுக்கு உரியது பெரும்பாலும் நகர சபை. அது பொதுவிடம் என்பதனால் அங்கே எவரும் தோண்டலாம் என்பது பொருளன்று.

தோண்டி எடுக்கப்பட்டது எவர்க்குரியது என்பது அடுத்த வினா. இங்கிலாந்தின் பழைய வழக்குச் சட்டம் விசித்திரமானது. மீண்டும் எடுக்கும் எண்ணத்தோடு மறைத்து வைக்கப்பட்ட பொன்னும் வெள்ளியும் முடிக்குரியவை. கவனமின்றித் தவறவிட்டவையோ எடுக்கும் எண்ணமின்றிப் புதைத்தவையோ முடிக்குரியவையல்ல. ஆயிரம் ஆண்டுகட்கு முன் மாண்டவன் மனத்தில் எவ்வெண்ணம் இருந்தது என்பதை விசாரணை மன்று தீர்மானிக்க வேண்டியதாயிற்று! 1939இல் சட்டன் ஹூ என்னுமிடத்தில் மரக்கலத்தோடு புதைக்கப்பட்ட பெருஞ்செல்வம் வெளிப்பட்டபோது, அஃது ஈமச் சடங்கிற் புதைக்கப்பட்டது, மீட்கும் எண்ணமில்லை என்று கூறி, நிலத்துக்குரிய பெண்மணிக்கே தீர்ப்பளித்தனர். அவர் அதனைப் பிரித்தானிய நூதனசாலைக்கு நன்கொடையாய் ஈந்ததனால் நாடு பிழைத்தது. எல்லா நிலச் சொந்தக்காரரும் அவர் போல இருப்பரோ?

1996ஆம் ஆண்டுப் புதையற் சட்டம் இக்குழப்பத்தை நீக்கிற்று. ஒரே இடத்திற் கிடைத்தவை இரண்டோ அதற்கு மேற்பட்டவையோ ஆகிய நாணயங்கள், முந்நூறு ஆண்டு வயதும் நூற்றுக்குப் பத்து வீதமேனும் பொன்னோ வெள்ளியோ உடையனவாயின், அவை புதையல். கண்டவர் பதினான்கு நாட்களுள் மரண விசாரணை அதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும். இறந்தோரை விசாரிக்கும் அவ்வதிகாரிக்கே அங்குப் புதையலை விசாரிக்கும் பொறுப்பும் உண்டு. நூதனசாலை விரும்பின் மதிப்புத் தொகையைக் கொடுத்துப் பெறும். தொகை பெரும்பாலும் கண்டவருக்கும் நிலச் சொந்தக்காரருக்கும் பங்கிடப்படும். தனிக்காசு பொதுவாக இவ்வரையறையுள் அடங்காது. அத்தகைய சிறு பொருள்களைத் தாமாகவே அறிவிப்போருக்காக 1997இல் ஒரு பதிவுத் திட்டமும் தொடங்கப்பட்டது. அதிற் பதிவான பொருள்கள் பதினைந்து இலட்சத்துக்கும் மேற்பட்டவை.

சட்டத்தின் பயனையும் அதன் எல்லையையும் ஒருங்கே காட்டுவன 2015ஆம் ஆண்டில் வெளிப்பட்ட இரு புதையல்கள். இரண்டும் பெரும்பாலும் வெள்ளி நாணயங்கள். இரண்டும் ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வைக்கிங் படைகள் இங்கிலாந்தை அலைக்கழித்த நாட்களிற் புதைக்கப்பட்டவை. இரண்டையும் காட்டிக்கொடுத்தது இக்கருவியே.

முதலாவது, ஒக்ஸ்போட் மாவட்டத்து உவொற்லிங்ரன் அருகே கிடைத்தது. கண்டவர் தோண்டுவதை நிறுத்தி, உரிய அலுவலருக்கு அறிவித்தார். புதையலைச் சுற்றியிருந்த மண்ணோடு கட்டியாகவே பெயர்த்தெடுத்துச் சென்று, பிரித்தானிய நூதனசாலையின் ஆய்வுகூடத்தில் ஒவ்வொன்றாகப் பிரித்தனர். 186 நாணயங்களும், 7 அணிகலன்களும், 15 வெள்ளிக் கட்டிகளும் இருந்தன. 2017இல் ஒக்ஸ்போட் அஷ்மோலியன் நூதனசாலை பதின்மூன்றரை இலட்சம் பவுணுக்கு அதனை வாங்கிற்று.

இரண்டாவது, கெரபோட் மாவட்டத்து லெமின்ஸ்ரர் அருகே கிடைத்தது. கண்ட இருவரும் நிலச் சொந்தக்காரருக்கும் உரைக்கவில்லை, அதிகாரிக்கும் உரைக்கவில்லை. நாணயங்கள் இரகசியமாய்க் கைமாறின. அவர்களுடைய கைத்தொலைபேசியில் அழிக்கப்பட்டிருந்த படங்களைப் பொலிசார் மீட்டபோதே புதையலின் அளவு தெரிய வந்தது. ஏறத்தாழ 300 நாணயங்கள் இருந்தன என மதிப்பிட்டனர், கிடைத்தவையோ 31. 2019இல் உவூஸ்ரர் நீதிமன்றம் இருவரையும் நீண்டகாலச் சிறைக்கு அனுப்பிற்று. அதே புதையலைச் சேர்ந்தவை என நம்பப்படும் 44 நாணயங்களை விற்க முயன்ற வேறிருவரும் 2023இல் தண்டனை பெற்றனர். எஞ்சியவை எங்கோ மறைந்து கிடக்கின்றன. இத்தனைக்கும், நேர்மையாய் அறிவித்திருப்பின் சட்டமே அவர்களுக்குப் பெருந்தொகை வழங்கியிருக்கும்.

இழந்தது யாது? வெசெக்ஸ் மன்னன் அல்பிரட் இங்கிலாந்தின் வரலாற்றிற் பெரும் புகழ் பெற்றவன். அவன் காலத்தில் அண்டை நாடாகிய மெர்சியாவை ஆண்டவன் இரண்டாம் சியோல்வுல்வ். அல்பிரட்டின் நாட்டில் எழுதப்பட்ட ஆண்டுக் குறிப்பு, அவனை 874இல் வைக்கிங்கர் அமர்த்திய அறிவிலி என்று இகழ்ந்து ஒதுக்குகிறது. நாணயங்களோ வேறு கதை கூறுகின்றன. இரு மன்னரும் ஒரே வடிவில் நாணயம் அச்சிட்டனர். பண்டைய உரோமப் பொற்காசைப் பின்பற்றி, இரு பேரரசர் அருகருகே அமர்ந்திருக்கும் கோலத்தை அதிற் பொறித்தனர். தோழமையின் அடையாளம் அது. அத்தகைய நாணயங்கள் முன்னர் மிக அரிதாகவே அறியப்பட்டிருந்தன. உவொற்லிங்ரனில் மாத்திரம் பதின்மூன்று கிடைத்தன. வென்றவர் எழுத்து மறைத்த தோழனை வெள்ளி காப்பாற்றி வைத்திருந்தது. லெமின்ஸ்ரரில் மறைந்த நூற்றுக்கணக்கான நாணயங்களும் அதே சாட்சியையே கூற வந்தவை. அவற்றுட் சில இனி வெளிவரினும், எவற்றோடு எவை கிடந்தன என்பதைக் கூற இயலாத ஊமைச் சாட்சிகளாகவே வரும்.

பரிசளிக்கும் சட்டத்தைக் குறைகூறுவோர் உளர். வரலாற்றை அதிர்ஷ்டச் சீட்டாக்கிவிட்டது என்பது அவர் வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. பரிசை எண்ணித் தேடுபவன், பரிசைவிட அதிகம் தருபவன் வரின் மனம் மாறுதல் இயல்பே. ஆயினும் உழவு நிலத்தைப் பொறுத்தவரை இச்சட்டம் நியாயமானது. அங்கே மேற்படைகள் ஏற்கனவே கலப்பையாற் கலக்கப்பட்டுவிட்டன; எடுக்கப்படாத காசு ஆண்டுதோறும் உழவாலும் உரத்தாலும் சிதைகிறது. எடுத்து, இடத்தைக் குறித்து, அறிவிப்பதே அதனைக் காக்கும் வழி. அந்நாட்டு நல்லொழுக்க விதிகளும் உழுத நிலத்திலேயே தேடுமாறு அறிவுறுத்துகின்றன.

பூங்காவின் நிலை இதற்கு மாறானது. நெடுங்காலம் உழப்படாத புற்றரையின் கீழே பழைய வரப்பும் சுவரும் வழியும் அடுக்குக் குலையாமற் கிடத்தல் கூடும். காசு அதிகம் பேசக்கூடிய இடமும், அவசரப்பட்டுத் தோண்டினால் அதிகம் இழக்கக்கூடிய இடமும் அதுவே. எளிதிற் செல்லத்தக்க பொதுவிடம் ஆதலின் பூங்காவில் தேடல் தீங்கற்றது என எண்ணுவது பிழை. வயலில் தாராளமும் பூங்காவிற் கண்டிப்பும் வேண்டும் என்பதே நம் கருத்து.

நம் நாட்டுச் சட்டமோ 1940 முதலே, கண்டெடுக்கப்படாத தொல்பொருள் யாவும் நிலம் எவருடையதாயினும் அரசுக்கே உரியவை என்று கூறுகிறது. ஆயினும் புதையல் வேட்கையால் இரவிற் பழைய இடங்களைத் தோண்டிச் சிதைத்தோர் பிடிபட்ட செய்திகள் பத்திரிகைகளில் ஓய்ந்தபாடில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் போல் பீரிஸ் கந்தரோடையில் ஆராய்ந்தபோது கிடைத்த அச்சுக் குத்திய நாணயங்களும் உரோம நாணயங்களும் யாழ்ப்பாணத்தின் பழைமைக்கும் வாணிபத்துக்கும் சான்றாய் நிற்கின்றன. அவை கந்தரோடையிற் கிடைத்தன என்பது தெரிந்திருப்பதாலேயே அவை சான்று. அதே காசுகள் இடம் அறியாது ஒரு நகைக்கடையில் உருகியிருப்பின், மிஞ்சியிருப்பது சில கிராம் வெள்ளி.

சட்டம் இயற்றுதல் அரசின் கடன். வினாவைக் கற்பித்தல் ஆசிரியர் கடன். தோட்டத்தில் எடுத்த காசொன்றை மாணவன் வகுப்புக்குக் கொண்டுவருவானாயின், அதனைத் தேய்த்து மினுக்கவோ விலை கூறவோ முற்படாமல், எடுத்த இடத்தையும் ஆழத்தையும் உடனிருந்தவற்றையும் அவன் தன் கையாலேயே ஒரு தாளில் எழுதுமாறு செய்தல் வேண்டும். அத்தாளோடு தொல்பொருள் அலுவலரைச் சென்றடையும் காசு, தேய்ந்ததாயினும், தன் நாட்டின் கதையிற் சில வரிகளைக் கூற வல்லது.