முதல் ரைபிள் வாங்கும் முன்

பிள்ளைகளுக்கு முதல் வயலின் வாங்குவது பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என் தங்கை மகள் கேட்டாள்: “வயலினுக்கு எழுதினீங்க. ரைபிளுக்கு எழுதுவீங்களா மாமா?”

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. உயர்நிலை மூன்றில் படிக்கும் அவளுடைய இணைப்பாட நடவடிக்கை குறிசுடுதல். பத்து மீட்டர் ஏர் ரைபிள் பிரிவு. இரண்டு ஆண்டுகளாகப் பள்ளியின் ரைபிளில் சுட்டு வருகிறாள். கடந்த சில மாதங்களாகப் புள்ளிகள் ஏறவில்லை. துப்பாக்கிதான் காரணம் என்கிறாள். சொந்தமாக ஒன்று வேண்டுமாம். அவளுடைய அப்பா தனியார் வாடகைக் கார் ஓட்டுகிறார். புது ரைபிள் பல ஆயிரம் வெள்ளி. தொடக்கநிலை ஐந்தில் ஒரு தம்பியும் இருக்கிறான். இதே கேள்வி உள்ள வீடுகள் இன்னும் சில இருக்கும் என்பதால் விசாரித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். “காற்றுத் துப்பாக்கிதானே” என்ற பேச்சு இங்கே எடுபடாது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அதுவும் ஆயுதச் சட்டத்துக்குள் வருகிறது. உரிமம் இல்லாமல் வாங்கவோ வைத்திருக்கவோ இணையத்தில் வரவழைக்கவோ கூடாது. விலை விசாரிப்பதற்கு முன்பே பயிற்றுநரிடமும் சுடுதளத்திலும் உரிமம், வயது, காப்பறை ஆகிய மூன்றையும் கேட்டுவிடுங்கள். எங்கள் பெண்ணுக்கு ரைபிள் வாங்கினாலும் அது சுடுதளத்தின் ஆயுதக் காப்பறையில்தான் தூங்கும். வீட்டு அலமாரியில் அதற்கு இடமில்லை.

அடுத்து, விளையாட்டு எப்படிப்பட்டது என்று பார்ப்போம். பத்து மீட்டர் தூரத்தில் 45.5 மில்லிமீட்டர் அகலமுள்ள ஓர் இலக்கு. அதன் நடுவில் உள்ள ‘பத்து’ வெறும் 0.5 மில்லிமீட்டர் புள்ளி. சுடும் ஈயக் குண்டின் விட்டமோ 4.5 மில்லிமீட்டர். ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் 75 நிமிடத்தில் 60 முறை சுட வேண்டும். மிகச் சரியாகப் பட்டால் 10.9 புள்ளி. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 60 குண்டுகளுக்கு 630.7 எடுத்தார். ஒரு குண்டுக்குச் சராசரி 10.5. அப்படியும் பத்தாவது இடம்தான். இறுதிச் சுற்றுக்குப் போவது எட்டுப் பேர். இவ்வளவு நுணுக்கமான விளையாட்டில், பிள்ளை கருவியைக் குறை சொல்வதை வெறும் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. கருவியில் எது சரியில்லை என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

விலைப் பட்டியலைப் பார்த்த மாப்பிள்ளைக்கு முதல் சந்தேகம் வேறு இடத்தில் வந்தது. “மச்சான், இவ்வளவு விலைக்கு ஒரு ஸ்கோப் கூடவா வராது? எங்க எஸ்ஏஆர் 21-லேயே இருந்துச்சே!”

தேசிய சேவை முடித்த எந்த அப்பாவுக்கும் தோன்றக்கூடிய கேள்வி இது. எஸ்ஏஆர் 21 சிங்கப்பூரில் தயாரான ராணுவ ரைபிள். ஒன்றரை மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப் அதன் கைப்பிடியிலேயே இருக்கும். ஒவ்வொன்றாகச் சுடும் நிலையில் வைத்தாலும் அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும். ஏர் ரைபிள் வேறு உலகம். ஒவ்வொரு குண்டையும் விரலால் எடுத்து வைக்க வேண்டும். 60 குண்டுக்கு 60 முறை. இந்தப் போட்டியில் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப் பொருத்த விதி இடம் தருவதில்லை. அதற்குப் பதில் முன்னால் ஒரு வளையம், பின்னால் ஒரு சிறு துளை. பின் துளை வழியாக முன் வளையத்தைப் பார்க்க வேண்டும். அந்த வளையத்துக்குள் இலக்கின் கரும்பொட்டு நடுவில் உட்கார வேண்டும்.

லென்ஸ் இல்லாத துளை எப்படி உதவும்? கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தூரத்துப் பேருந்து எண் கொஞ்சம் தெளிவதைக் கவனித்திருப்பீர்கள். சிறிய துளை வழியாக வரும் ஒளியால் பக்கத்தில் உள்ள வளையமும் பத்து மீட்டரில் உள்ள பொட்டும் ஓரளவு ஒன்றாகத் தெளிகின்றன. துளையை மிகவும் சுருக்கினால் வெளிச்சம் குறைந்து கண் களைத்துவிடும். மிகவும் விரித்தால் தெளிவு போய்விடும். திருகி மாற்றக்கூடிய துளையுள்ள பின் சைட், ரைபிளின் பெயரைவிடப் பயன் தரும் வசதி.

முன் வளையத்தில் பல பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். வளையம் சிறியதாக இருந்தால் குறியும் துல்லியமாகும் என்று நினைத்துச் சின்னதாகப் போடுகிறார்கள். இறுக்கமான வளையத்துக்குள் பொட்டு ஆடும்போது ஆட்டம் இன்னும் பெரிதாகத் தெரிகிறது. பயந்துபோய் விசையை இழுக்காமல் காத்திருக்கிறார்கள், கை களைக்கிறது, கடைசியில் வெடுக்கென்று இழுத்துவிடுகிறார்கள். பொட்டைச் சுற்றி நல்ல வெள்ளை விளிம்பு தெரியும் அளவுக்கு வளையத்தைப் பெரிதாக்கச் சொல்கிறார்கள் பயிற்றுநர்கள். வளையம் விலை மலிவான சின்னப் பொருள். ரைபிளை மாற்றும் முன் அதை மாற்றிப் பார்க்கலாம்.

மூக்குக் கண்ணாடி போடும் பிள்ளையா? அப்படியென்றால் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். நின்று சுடும்போது கன்னம் கட்டையில் சாய்கிறது. பார்வை கண்ணாடியின் நடுவை விட்டு, மூக்கை ஒட்டிய மேல் மூலை வழியாகப் போகிறது. பவர் அதிகமுள்ள கண்ணாடியில் அந்த மூலையில் உருவம் சற்று இழுபடும். தலை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறி அமர்ந்தால் இழுபடும் அளவும் மாறும். குறிசுடுவோருக்கென்றே ஒற்றை வட்ட லென்ஸ் வைத்த சட்டகம் விற்கிறார்கள். லென்ஸைப் பார்வைக்கு நேராக நகர்த்தி வைத்துக்கொள்ளலாம். பவர் பார்க்கப் போகும்போது, இலக்கைவிட முன் வளையம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று பரிசோதகரிடம் சொல்லுங்கள். சட்டகத்துக்கும் லென்ஸுக்கும் ஆகும் செலவு ரைபிள் விலையில் ஒரு சிறு பங்குதான்.

இப்போது ரைபிள். வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஆன்ஷுட்ஸ், ஸ்டேயர் என்று நான்கு பெயர்களைச் சுடுதளத்தில் அடிக்கடி கேட்கலாம். முதல் மூன்றும் ஜெர்மனி, கடைசி ஆஸ்திரியா. பத்து மீட்டரில் இவற்றின் துல்லியம் எந்த மாணவரின் கையைவிடவும் கூடுதல். ஆகவே எது சிறந்தது என்று கேட்பதைவிட, எது பிள்ளையின் உடம்புக்குப் பொருந்துகிறது என்று கேட்பதே பயன் தரும். தோள்தட்டின் நீளம், கன்னக்கட்டையின் உயரம், இடது கை தாங்கும் பகுதி எல்லாம் நகர்த்தக்கூடியவையாக இருக்க வேண்டும். எடையையும் பாருங்கள். விதிப்படி 5.5 கிலோகிராம் வரை போகலாம். பெரியவர்களின் ரைபிள் பலவும் அதை நெருங்கும். வளரும் முதுகை வளைத்து அதை மணிக்கணக்கில் தாங்குவது நல்லதல்ல. இளையோருக்கென்று எடை குறைந்த வகைகள் இருக்கின்றன.

பொருத்தம் பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. பயிற்றுநர் முன்னிலையில், குண்டு போடாத ரைபிளை இலக்கை நோக்கித் தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். இரண்டு மூச்சு விட்டபின் கண்ணைத் திறக்கட்டும். கழுத்தை வளைக்காமலே பின் துளையின் நடுவில் முன் வளையம் தெரிந்தால் ரைபிள் பொருந்துகிறது. தலையைத் தூக்கவோ அழுத்தவோ வேண்டியிருந்தால் கன்னக்கட்டையை நகர்த்த வேண்டும்.

எங்கள் பெண் இந்தச் சோதனையைப் பள்ளி ரைபிளில் செய்து பார்த்தாள். கண்ணைத் திறந்தபோது வளையம் பாதிதான் தெரிந்ததாம். அதே ரைபிளை அவளைவிட ஒரு சாண் உயரமான மாணவன் ஒருவனும் பயன்படுத்துகிறான். அவன் வைத்த அளவிலேயே அவள் மாதக் கணக்கில் கழுத்தை வளைத்துச் சுட்டு வந்திருக்கிறாள். கட்டையிலும் தோள்தட்டிலும் அளவுக் கோடுகள் உண்டு. இப்போது தன் எண்களை ஒரு குட்டி நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். பயிற்சி தொடங்குமுன் ஐந்து நிமிடம் அவற்றை வைத்துச் சரிசெய்துகொள்கிறாள்.

பழைய ரைபிள் வாங்குவதாக இருந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, காற்று உருளை. அதில் 200 பார் அளவு அழுத்தத்தில் காற்று அடைக்கப்படுகிறது; சாதாரணக் கார் டயரைப்போல எண்பது மடங்குக்கும் மேல். தயாரித்த தேதி உருளையிலேயே பொறித்திருக்கும். பல நிறுவனங்கள் பத்து ஆண்டுக்குமேல் பயன்படுத்த வேண்டாம் என்கின்றன. தேதி தாண்டியிருந்தால் புது உருளையின் விலையையும் கணக்கில் சேருங்கள். இரண்டு, பின் சைட். ஐந்து குண்டு சுட்டுவிட்டு, சைட்டை ஒரு பக்கம் பத்து ‘கிளிக்’ திருப்பி, மறுபடி பத்து ‘கிளிக்’ பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். அடுத்த ஐந்தும் முதல் ஐந்து விழுந்த இடத்திலேயே விழுந்தால் சைட் நம்பகமானது. விலகி விழுந்தால் திருகு தேய்ந்திருக்கிறது.

சைட்டை நம்பவும் வேண்டும், சரிசெய்யவும் தெரிய வேண்டும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்றுக்கு முன் அபினவ் பிந்த்ரா சோதனையாகச் சுட்டபோது குண்டு 4-க்குப் போனது. சைட் விலகியிருந்தது. இருந்த சில நிமிடங்களில் அதைத் திருப்பிச் சரிசெய்துகொண்டு போட்டியில் இறங்கினார். கடைசிக் குண்டில் 10.8 எடுத்து, இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். அந்தச் சில நிமிடங்களில் கைகொடுத்தது, சைட்டின் ஒவ்வொரு ‘கிளிக்’கும் அவருக்குப் பழக்கமாக இருந்தது.

நம்முடைய மார்ட்டினா வெலோசோவின் கதையையும் சொல்ல வேண்டும். 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் அவரும் இந்தியாவின் மெஹுலி கோஷும் 247.2 புள்ளியில் சமநிலை. கடைசிக் குண்டில் 10.9 எடுத்த மெஹுலி, தங்கம் கிடைத்துவிட்டதாக நினைத்து மகிழ்ந்தார். சமநிலையை உடைக்க இன்னும் ஒரு குண்டு மிச்சமிருந்தது. வெலோசோ 10.3, மெஹுலி 9.9. தங்கம் சிங்கப்பூருக்கு. இருவர் கையிலும் இருந்தது உலகத் தரமான ரைபிள்தான்.

இதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் பேசி முடித்தபோது பெண்ணின் முகம் வாடிவிட்டது. “நான் பாதியிலே விட்டுடுவேன்னு நினைக்கிறீங்களாப்பா?” என்று கேட்டாள். உண்மையில் அவளை உறுத்தியது அதுதான். பணம் இல்லை என்று சொல்லியிருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கும். தன்மேல் நம்பிக்கை இல்லை என்று நினைத்துவிட்டாள்.

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “நீ விடமாட்டேம்மா. ஆனா நீ இன்னும் வளருவே. இப்ப வாங்குற அளவு இன்னும் ரெண்டு வருஷத்துலே உனக்குப் பத்தாது” என்றார்.

முடிவு இப்படி: இப்போதைக்கு அவள் அளவுக்கு ஒரு சுடும் மேலங்கி, கண்ணுக்கு அந்த ஒற்றை லென்ஸ் சட்டகம். அடுத்த ஆண்டு பொதுத் தேர்வு. அது முடிந்து, சேரும் இடத்திலும் அவள் சுடுவதைத் தொடர்ந்தால் ரைபிள். அதற்காக மாதம் ஒரு தொகையை இப்போதே ஒதுக்கத் தொடங்கிவிட்டார். தொகை எவ்வளவு என்பதை மகளுக்கும் சொல்லிவிட்டார். சும்மா “பார்க்கலாம்” என்று சொல்வதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அவளுக்குத் தெரிந்தது.

ஆகவே பெற்றோரே, பிள்ளை ரைபிள் கேட்டால் உடனே சரி என்றோ முடியாது என்றோ சொல்லாதீர்கள். ஒரு நாள் சுடுதளத்துக்கே போய், கண்ணை மூடித் திறக்கும் அந்தச் சோதனையை நேரில் பாருங்கள். கழுத்து, கண்ணாடி, வளையம், மேலங்கி என்ற வரிசையில் சரிபாருங்கள். இவ்வளவுக்குப் பிறகும் கருவிதான் தடை என்று பயிற்றுநர் சொன்னால், அப்போது உரிமத்தைப் பற்றிக் கேளுங்கள்.

அடுத்த வாரம்: தாத்தா பாட்டிக்குக் காதுக் கருவி வாங்கும்போது கவனிக்க வேண்டியவை.