கூச்சக்காரர் கூட்டத்துக்குப் போகலாமா?

போகலாமா? வேண்டாமா?

விடிந்தால் திருவிழா. ஆனால் தூக்கம் வரவில்லை. புரண்டு புரண்டு படுக்கிறாள் அந்தப் பெண். ஜப்பான் நாட்டில், ஆண்டுக்கு இரண்டு முறை, எத்தனையோ வீடுகளில் இப்படி ஒருத்தியோ ஒருவனோ விழித்திருப்பது உண்டு.

அது சாமி திருவிழா அல்ல, படக்கதைத் திருவிழா!

ஜப்பானியர் படக்கதையை "மங்கா" என்பார்கள். கார்ட்டூன் படத்தை "அனிமே" என்பார்கள். சின்னப் பிள்ளைகள் மட்டும் அல்ல, ஆபீசுக்குப் போகிறவர்களும் விரும்பிப் படிக்கிறார்கள், பார்க்கிறார்கள். அந்த ரசிகர்கள் தாங்களே எழுதி, வரைந்து, அச்சடித்த புத்தகங்களை விற்கும் சந்தைதான் "காமிக்கெட்". டோக்கியோ நகரில், கடலோரத்தில் உள்ள "பிக் சைட்" என்ற பெரிய கண்காட்சி மண்டபத்தில் ஆகஸ்டு மாதமும் டிசம்பர் மாதமும் நடக்கிறது.

கூட்டம் கொஞ்சநஞ்சம் அல்ல. 2019 டிசம்பரில் 4 நாட்களில் சுமார் 7½ லட்சம் பேர் வந்தார்கள்! கோடையில் போனால் வெயில் வேறு. 2013 ஆகஸ்டில் மண்டபத்துக்குள் புழுக்கம் தாங்கவில்லை. வியர்வை ஆவியாகிக் கூரையின் கீழ் மேகம் போல நின்றது என்று வந்தவர்கள் சொன்னார்கள்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசவே நடுங்குகிறவள், இங்கே எப்படிப் போவாள்?

"நீ அங்கே போய் என்ன செய்யப் போகிறாய்? பேசாமல் வீட்டில் இரு" என்று அம்மா சொல்லக் கூடும். அன்பால் சொல்வதுதான். ஆனால் அது சரியான யோசனை அல்ல.

ஏன்?

இந்தத் திருவிழா பிறந்த கதையைப் பார்த்தால் புரியும். 1975-ம் ஆண்டு வேறொரு மங்கா மாநாடு நடந்தது. அதைக் குறை சொன்ன ஒரு ரசிகையை, "நீ வரக் கூடாது" என்று மறுத்து விட்டார்கள். சில இளைஞர்களுக்குக் கோபம் வந்தது. "யாரையும் தள்ளாத கூட்டம் ஒன்றை நாமே நடத்துவோம்" என்று கிளம்பினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 21-ந் தேதி முதல் காமிக்கெட் நடந்தது. 32 குழுக்கள் கடை போட்டன. வந்தவர்கள் சுமார் 700 பேர். அவர்களில் பெரும்பாலோர் யார் தெரியுமா? பள்ளிக்கூட மாணவிகள்!

இன்றும் அங்கே "வாடிக்கையாளர்" என்று யாரும் கிடையாது. விற்பவர், வாங்குபவர், வரிசையை ஒழுங்கு செய்கிற தொண்டர் எல்லாருக்கும் ஒரே பெயர்தான்: "பங்கு கொள்பவர்".

பேச வேண்டியது எவ்வளவு?

ரொம்பக் கொஞ்சம். மேசையில் மாதிரிப் புத்தகம் இருக்கும். "பார்க்கலாமா?" என்று கேட்க வேண்டும். புரட்டிப் பார்க்கலாம். பிடித்தால், "ஒன்று கொடுங்கள்." பிடிக்காவிட்டால் தலையை ஆட்டி, நன்றி சொல்லி வைத்து விடலாம். சொந்தப் பெயரைக் கூடச் சொல்ல வேண்டாம். புனைபெயரிலேயே பழகுகிறார்கள். மேசைக்குப் பின்னால் இருப்பவரும் பல நேரம் கூச்சக்காரர்தான். பல மாதம் அறைக்குள் தனியாக உட்கார்ந்து வரைந்தவர் அல்லவா!

கதாபாத்திரம் போல வேஷம் போட ஆசையா? அதற்கும் ஒழுங்கு இருக்கிறது. வேஷத்தோடு தெருவில் வரக் கூடாது. உடை மாற்றத் தனி அறை உண்டு. அனுமதி கேட்காமல் யாரும் படம் எடுக்கக் கூடாது. கூச்சம் உள்ளவர்களுக்கு இப்படிப்பட்ட சட்டம் ஒரு வேலி மாதிரி. சட்டமே இல்லாத கல்யாண வீட்டில்தான் அவர்கள் பாடு திண்டாட்டம். எந்த மாமா என்ன கேட்பாரோ!

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் பிலிப் ஜிம்பார்டோ, 1970-களில் பலரிடம் கேட்டுப் பார்த்தார். நூற்றுக்கு 40 பேர், "எனக்குக் கூச்சம் உண்டு" என்றார்கள். ஆகவே அந்தப் பெருங்கூட்டத்தில் அவள் ஒருத்தி மட்டும் தனிப்பிறவி அல்ல.

அதற்காக, போனால் கூச்சம் பறந்து விடும் என்று யாரும் ஆசை காட்ட வேண்டாம். பறக்காது. கூட்டத்தைக் கண்டால் மூச்சு முட்டுகிறவர்கள், மயக்கம் வருகிறவர்கள் கட்டாயம் போகத்தான் வேண்டுமா? வேண்டியதில்லை. முதலில் உடம்பு. அவர்கள் சிறிய கண்காட்சிக்குப் போகலாம். அதில் வெட்கம் இல்லை.

மற்றவர்கள் போகட்டும். ஆனால் விடியற்காலை வரிசையில் முண்ட வேண்டாம். பிற்பகலில் கூட்டம் குறையும். பெயர் பெற்றவர்களின் புத்தகம் தீர்ந்து போயிருக்கும், போகட்டும். நுழைவுச் சீட்டை முன்கூட்டியே வாங்கிக் கொள்ள வேண்டும். பையில் தண்ணீர், சில்லறைக் காசு. ஒரே ஒரு மேசையைக் குறித்துக் கொண்டால் போதும். அதைப் பார்த்த பிறகு திரும்பி விடலாம். ஒரு மணி நேரத்தில் திரும்பினாலும், "அதற்குள் ஏன் வந்தாய்?" என்று வீட்டில் கேட்காமல் இருந்தால் நல்லது. "என்ன வாங்கினாய்? காட்டு" என்று கேட்கலாம்.

அவளுக்குப் பிடித்த கதையைப் பற்றி வீட்டில் பேச ஆள் இல்லை. அந்தக் கதையை வரைந்தவர் அங்கே ஒரு மேசைக்குப் பின்னால், யாராவது வருவார்களா என்று காத்திருக்கிறார். இவள் போகாவிட்டால், அவருக்கும் ஒரு வாசகர் குறைவு.

மாலையில் திருவிழா முடிந்தது என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். உடனே மண்டபம் முழுவதும் கை தட்டும். விற்றவரும் தட்டுவார், வாங்கியவரும் தட்டுவார், தொண்டரும் தட்டுவார். கை தட்ட வாய் திறக்க வேண்டியதில்லை.