ஊர் காலியான பிறகு சாம்பல் குளம் என்னவாகும்?

எண்ணூரைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் தோழர்கள் சிலர் கேட்பதுண்டு: “அவ்வளவு மோசம்னா அந்த மக்களை வேற எடத்துக்கு மாத்திட வேண்டியதுதானே?” அக்கறையில் கேட்கிறார்கள். வேறு சிலர் நேரெதிர். இடமாற்றம் என்ற சொல்லே துரோகம், மண்ணைவிட்டு ஓரடி நகரக்கூடாது என்பார்கள். இரண்டு தரப்பும் செப்பாக்கத்தைப் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன்.

திருவள்ளூர் மாவட்டத்தில், வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளத்தை ஒட்டி இருக்கிறது செப்பாக்கம். தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் சின்ன ஊர். ‘குளம்’ என்று சொல்வதே ஒரு ஏமாற்று. நிலக்கரியை எரித்து மிஞ்சிய சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியே கொண்டுவந்து கொட்டுவதற்காகக் கரை கட்டிய பெரும் பரப்பு அது. நம் நாட்டு நிலக்கரி 100 டன் எரிந்தால் 30 டன்னுக்கு மேல் சாம்பல் மிஞ்சும். அதில் ஆர்சனிக், ஈயம், பாதரசம் எல்லாம் உண்டு. வெயில் காலத்தில் காய்ந்து பறந்து சோற்றில் விழுகிறது. மழைக்காலத்தில் தரையோடு ஊறி வருகிறது. எங்களை இங்கிருந்து மாற்றுங்கள் என்று அந்த மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இதைத் தோல்வியாகப் பார்ப்பவர்கள் அம்பேத்கரை மறந்துவிடுகிறார்கள். 1942இல் நாக்பூரில் நடந்த பட்டியல் சாதியினர் மாநாட்டில் தனிக் குடியிருப்புகள் கேட்டுத் தீர்மானம் போட்டார்கள். 1947இல் ‘அரசுகளும் சிறுபான்மையினரும்’ எழுதியபோதும், அரசு நிலத்தில் தனிக் குடியிருப்புகள் அமைக்க வேண்டும் என்பதை அவர் விடாமல் சேர்த்தார். நம்மை நசுக்கும் இடத்தைவிட்டு வெளியேறுவதும் உரிமைதான். சேரியில் பிறந்தவர்களிடம் போய் ஊர்ப்பாசத்தைப் பற்றி வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

ஆனால் எங்கே போவது, யார் பெயரில் போவது என்பதில்தான் எனக்குப் பயம். இந்த அரசுகளுக்குத் தெரிந்த இடமாற்றம் பெரும்பாக்கம்தான். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாற்றுக் கரைகளில் இருந்த ஏழைகளை, பெரும்பாலும் தலித்துகளை, வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி அள்ளிக்கொண்டு போனார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் அடுக்குமாடிகளில் வைத்தார்கள். அங்கேயும் வெள்ளம் வந்தது. வேலைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டிய தூரத்தில் வாழ்க்கை புதிதாகத் தொடங்கியது. அவ்வளவு தூரம்கூட வேண்டாம், எண்ணூருக்குப் பக்கத்திலேயே காட்டுப்பள்ளி இருக்கிறது. கப்பல் கட்டும் தளத்துக்காக இடம்பெயர்ந்த மீனவர்கள், தருவதாகச் சொன்ன நிரந்தர வேலைக்காகப் பிறகு வருடக்கணக்கில் போராட வேண்டியிருந்தது.

திருவள்ளூர் முன்பு செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த பகுதி. அந்தச் செங்கல்பட்டின் ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை, குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாததால் பறையர்களை மிராசுதார்கள் நினைத்த நேரத்தில் விரட்ட முடிகிறது என்பதைப் பேசியது. பஞ்சமி நிலம் வந்த வழி அது. 130 ஆண்டுகள் கழித்தும் அதே மண்ணில் நாம் அதையேதான் கேட்கிறோம்: ஒதுக்கீட்டு ஆணை வேண்டாம், பட்டா கொடு. பெண்கள் பெயரில் கொடு. வேலைக்குப் போய்வரும் தூரத்தில் கொடு.

செப்பாக்கம் காலியானால் அந்தச் சாம்பல் குளம் என்னவாகும் என்பது இன்னொரு பயம். இருமுவதற்கு ஆளில்லாவிட்டால் மனு கொடுக்கவும் ஆளிருக்காது. வழக்குப் போட ஆளில்லாத இடத்தில் இன்னும் கொஞ்சம் கொட்டலாம். இடமாற்றம், மாசு செய்தவருக்கு வசதியான ஏற்பாடாக முடிவது இப்படித்தான். 2021 டிசம்பர் 31 அன்று ஒன்றிய அரசு வெளியிட்ட சாம்பல் அறிவிக்கையின்படி, பழைய சாம்பல் முழுவதையும் 10 ஆண்டுகளுக்குள் எடுத்துப் பயன்படுத்தித் தீர்க்க வேண்டும். அதிலேயே ஒரு சந்தும் வைத்திருக்கிறார்கள். குளம் இறுகிவிட்டது, மேலே மரம் நட்டு நிலத்தை மீட்டாகிவிட்டது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சான்று கொடுத்தால், எடுக்க வேண்டியதில்லை. ‘பசுமை’ என்றதும் கைதட்டும் நண்பர்கள் இந்த விதியை ஒருமுறை படிக்கலாம். இந்த ஊரில் மறுசீரமைப்பு என்ற பெயரில் சாம்பல்மீது செடி வைத்து போட்டோ எடுப்பதும் சட்டப்படி சாத்தியம்.

சரி, அள்ளுகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள்? ஆலைகளின் அபாயக் கழிவைப் புதைக்கும் கிடங்கு ஏற்கெனவே இதே மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கிறது. அங்கேயும் பக்கத்தில் மனிதர்கள்தான் இருக்கிறார்கள். ஒரு காலனியில் அள்ளி இன்னொரு காலனியில் கொட்டுவதை நான் மறுசீரமைப்பு என்று ஏற்கமாட்டேன்.

இதெல்லாம் செப்பாக்கத்தோடு நிற்கிற கதையும் இல்லை. குழாய்கள் உடைந்து கசிந்த சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் படிந்து கிடக்கிறது. சென்னையின் மூன்று ஆறுகளில் பெரியது கொசஸ்தலை. பூண்டியில் திறக்கிற தண்ணீர் கடலுக்குப் போக இதுதான் வாசல். வாசலை மேடாக்கிவிட்டு வெள்ளத்துக்கு மழையைத் திட்டுகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலி சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெயும் சேர்ந்து முகத்துவாரத்துக்கு வந்தது. மீனவர்கள் அதை மக்கில் மொண்டு பீப்பாயில் ஊற்றினார்கள். அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தது. மூச்சுத்திணறித் தெருவுக்கு ஓடிவந்தவர்கள் ஆலையை மூடு என்று உட்கார்ந்தார்கள். எங்களை மாற்று என்று கேட்கவில்லை. அவர்களுக்குக் கடல் இங்கேதான் இருக்கிறது.

ஆகவே ஓர் ஊர் போகிறேன் என்கிறது, இன்னோர் ஊர் போகமாட்டேன் என்கிறது. இதில் முரண்பாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை. இரண்டு இடத்திலும் முடிவெடுப்பவர்கள் அங்கே வாழ்கிறவர்களாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். முகத்துவாரத்துச் சாம்பல் பற்றி காட்டுக்குப்பம் மீனவர் தரப்பு பசுமைத் தீர்ப்பாயம் போனதால்தான் 2022இல் தீர்ப்பு வந்தது, மறுசீரமைப்புக்கு வல்லுநர் குழுவும் வந்தது. அந்த மாதிரிக் குழுக்களில் பொறியாளர் இருப்பார், ஓய்வுபெற்ற அதிகாரி இருப்பார். செப்பாக்கத்துப் பெண் ஒருவர் ஓட்டுரிமையோடு உட்கார வேண்டும். ஊரை மாற்றும் ஆணையும் குளத்தை மூடும் ஆணையும் ஒரே தேதியில், ஒரே காகிதத்தில் வர வேண்டும்.

அந்தக் குழுவில் இருளர்களுக்கும் இடம் வேண்டும். சேற்றில் இறங்கி, வெறுங்கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் அவர்கள். படகும் இல்லை, வலையும் இல்லை. படகைக் கணக்கெடுத்து நிவாரணம் எழுதும் அதிகாரி, அந்தக் கைகளை எந்தக் கட்டத்தில் எழுதுவார்?