ஒன்பது எழுத்தும் முப்பது விநாடியும்

ஒலுவில் துறைமுகத்தருகே வாழும் மாணாக்கன் ஒருவன் அண்மையில் என்னிடம் ஒரு வினா விடுத்தான். இங்கிலாந்தில் 1982 முதல் ஒளிபரப்பாகிவரும் ‘கவுண்ட்டவுன்’ என்னும் தொலைக்காட்சிப் போட்டியைத் தமிழில் நடத்தலாகாதா என்பதே அது. ஒன்பது எழுத்துக்கள் தரப்படும். 30 விநாடிக்குள் அவற்றால் இயன்றவரை நீண்ட சொல்லை ஆக்கல் வேண்டும். ஆறு எண்களைக் கூட்டியும் பெருக்கியும் குறித்த தொகையை எட்டுதலும் உண்டு.

எண்ணில் நமக்குத் தடையில்லை, எழுத்திலேதான் இடர். ஆங்கிலத்துக்கு எழுத்து 26, நமக்கோ 247. அவற்றுள் ஒன்பதை எழுந்தவாறு எடுத்தால் சொல் அமைவது அரிது. ஆதலின் உயிரையும் மெய்யையும் பிரித்தே கொடுத்தல் வேண்டும் என்பேன். அப்பொழுது ‘கடல்’ மூன்றெழுத்தன்று. க், அ, ட், அ, ல் என ஐந்தாம். புணரியல் என்றதும் கொட்டாவி விடும் பிள்ளைகள் இதற்குக் கரும்பலகையை மொய்த்துக்கொண்டனர்! (ஐயுறும் ஆசிரியர் தம் வகுப்பிற் செய்து பார்க்க.)

புறநாட்டுச் சரக்கென்று இதனை இகழும் பண்டிதரும் உளர். 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்திற் சதாவதானம் புரிந்த செய்குத்தம்பிப் பாவலரை அவர்கள் மறந்தனர் போலும். கணக்கையும் சொல்லையும் அவை நடுவே வைத்து ஆடியது நம் மரபன்றோ?

அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டியிற் பேச்சும் பாவோதலும் உள. இதனையும் சேர்ப்பாராயின், மேடையில் நாவெழாத அம்மாணாக்கனும் பெயர் கொடுப்பான்.