கவனம் இல்லையா, புரியவில்லையா?

போன மாதம் என் தங்கை மகள் கும்பகோணத்திலிருந்து போன் செய்தாள். குரலே சரியில்லை. "பெரியம்மா, ஸ்கூல்ல கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க. பையன் ஹைப்பராம். ஒரு இடத்துல உக்கார மாட்டேங்கிறானாம். டாக்டர்கிட்ட காட்டி மாத்திரை வாங்கிக் குடுத்தாத்தான் அடுத்த வருஷம் வச்சுக்குவாங்களாம்" என்றாள். பையனுக்கு நாலரை வயது.

நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, 32 வருடம் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் கட்டி மேய்த்தவள், அவ்வளவுதான். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை காலையிலேயே பஸ் ஏறிவிட்டேன்.

போனதும் அவனை எதுவும் கேட்கவில்லை. கொல்லையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மோட்டார் தண்ணீர் தென்னைக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. இவன் கையாலேயே மண்ணைப் பறித்து வாய்க்கால் வெட்டுகிறான், வரப்பு கட்டுகிறான், தண்ணீர் உடைத்துக்கொண்டு போனால் ஓடிப்போய் மண் அள்ளி அடைக்கிறான். முக்கால் மணி நேரம் வேறு எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. இந்தப் பிள்ளைக்கா கவனம் இல்லை?

சாயந்தரம் பக்கத்தில் உட்காரவைத்து, "தம்பி, உள்ள போயி கட்டில் மேல இருக்குற நீலத் துண்டை எடுத்துட்டு வந்து தாத்தாகிட்ட குடு" என்றேன். எழுந்து ஓடினான். நடுவீட்டில் நின்று எல்லார் முகத்தையும் பார்த்தான். பிறகு ஒரு செருப்பை எடுத்து வந்து சிரித்தான். அதையே துண்டு துண்டாக, கையைக் காட்டிச் சொன்னபோது சரியாகச் செய்தான். "எப்ப சாப்பிட்ட?" என்றால் "தோசை" என்கிறான். "யாரோட விளையாடுன?" என்றாலும் ஒரு சாப்பாட்டுப் பெயர்தான் வருகிறது. பொருள்களின் பெயர் அவனுக்கு வரவே இல்லை. "அது, இது, அங்க" என்பதை வைத்தே ஓட்டுகிறான். வந்தான், வந்தாள், வந்துச்சு எல்லாம் அவனுக்கு ஒன்றுதான்.

இதைப் பார்த்ததும் எனக்கு 1994 ஞாபகம் வந்துவிட்டது. மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். நான் சொன்னால் உடனே செய்யமாட்டான். பக்கத்துப் பையனின் சிலேட்டைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவான். கதை சொல்ல ஆரம்பித்தால் நெளிவான், ஜன்னலைப் பார்ப்பான், முன்னால் இருப்பவளின் சடையை இழுப்பான். அவனுடைய முன்னேற்ற அறிக்கையில் மூன்று பருவமும் "கவனக்குறைவு" என்றே எழுதினேன். அடித்தும் இருக்கிறேன். எட்டாவதோடு நின்றுவிட்டான். இப்போது அறுவடை மெஷின் ஓட்டுகிறான், நன்றாக இருக்கிறான். இரண்டு வருடம் முன்பு ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது அவனே சொன்னான்: "டீச்சர், நீங்க பேசுறது எனக்கு நிக்காம போற பஸ் மாதிரி இருக்கும். ஏறவே முடியாது." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். என்னால் சிரிக்க முடியவில்லை.

இரண்டையும் ஏன் குழப்பிக்கொள்கிறோம் என்றால், வகுப்பில் பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். புரியாத மொழியில் நடக்கிற கூட்டத்தில் இரண்டு மணி நேரம் நம்மை உட்கார வைத்தால் நாமும்தான் நெளிவோம், செல்போனை நோண்டுவோம். அதற்காக நமக்கு வியாதி என்று சொல்வார்களா?

ஆனால் வித்தியாசம் தெரியும், கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால். கவனத்தில் சிரமம் உள்ள பிள்ளைக்கு அது பேச்சே இல்லாத இடத்திலும் இருக்கும். கட்டை அடுக்கும்போதும், பந்து விளையாட முறை வரும்வரை காத்திருக்கும்போதும், சாப்பிடும்போதும் இருக்கும். சொன்னது புரியும், பாதியில் விட்டுவிட்டுப் போய்விடும். இன்று சரியாகச் செய்ததை நாளைக்குக் கோட்டைவிடும். மொழியில் பின்தங்கிய பிள்ளைக்கு, வார்த்தை வருகிற இடத்தில்தான் தடுமாற்றம். படம் வரையும்போதும் மண்ணில் விளையாடும்போதும் அமைதியாக இருக்கும். கதை, கேள்வி, நீளமான கட்டளை என்றால் தடுமாறும். நேற்றும் இன்றும் அதே மாதிரிதான் தடுமாறும். சில பிள்ளைகளுக்கு இரண்டுமே சேர்ந்து இருப்பதும் உண்டு. அதனால்தான் தீர்ப்பு சொல்வது நம் வேலை இல்லை என்கிறேன்.

டாக்டர்களே அவசரப்படுவதில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ல் வெளியிட்ட கையேட்டின்படி, ஏடிஹெச்டி என்று சொல்ல அறிகுறிகள் குறைந்தது ஆறு மாதம் இருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் தெரிய வேண்டும். அந்த நாட்டுக் குழந்தை மருத்துவர்கள், ஆறு வயதுக்குக் கீழே என்றால் முதலில் பெற்றோருக்குப் பயிற்சி கொடுங்கள் என்கிறார்கள். மாத்திரை அதற்கப்புறம்தான். இங்கே எல்கேஜி வாசலிலேயே மாத்திரை கேட்கிறார்கள்!

மொழிக் குறைபாடு அபூர்வமும் இல்லை. இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில் இருந்ததாகக் கண்டார்கள். முப்பது பேர் வகுப்பென்றால் இரண்டு பிள்ளை. என் 32 வருடத்தில் எத்தனை பேர் கையைவிட்டுப் போயிருப்பார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

இன்னொன்று. கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் சௌராஷ்டிரம் பேசும் குடும்பங்கள் நிறைய. அந்த வீட்டுப் பிள்ளை முதல் நாள் தமிழில் விழித்தால் அது குறைபாடு இல்லை. வீட்டு மொழியில் நன்றாகப் பேசுகிறதா என்று அம்மாவைக் கேட்டாலே தெரிந்துவிடும். தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளையை மூன்று வயதில் இங்கிலீஷ் மீடியத்தில் போட்டுவிட்டு "லிசன் பண்ண மாட்டேங்கிறான்" என்பதும் இதே கதைதான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் காது. இதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். பிறந்தபோது காது நன்றாகக் கேட்ட பிள்ளைக்கும், அடிக்கடி சளி பிடித்து செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொண்டால் ஒருநாள் கேட்கும், ஒருநாள் மந்தமாக இருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சில சமயம் திரும்பும், சில சமயம் திரும்பாது. நாம் "திமிரு" என்போம்.

"ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும், அவன் அப்பனும் அப்படித்தான்" என்கிற பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால் காட்ட வேண்டும். கூத்தனூர் சரஸ்வதியிடம் தாராளமாகக் கூட்டிப்போங்கள், நானும் போயிருக்கிறேன். திரும்பி வரும் வழியில் காதையும் சோதித்துவிட்டு வாருங்கள்.

அரசிலேயே இதற்கு வழி இருக்கிறது. 2013லிருந்து நடக்கும் சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். பேச்சு, காது, வளர்ச்சி எல்லாம் அவர்கள் பார்க்க வேண்டியவை. வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். ஆனால் குழு வருகிற அன்று நாற்பது பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து எடையும் உயரமும் எடுத்தால் பேச்சு எப்படித் தெரியும்? தினமும் பார்க்கிற ஆசிரியர்தான் சொல்ல வேண்டும். அப்போதும் "ஹைப்பர்", "கவனமில்லை" என்று எழுதாதீர்கள். பார்த்ததை எழுதுங்கள். "இரண்டு கட்டளை சேர்த்துச் சொன்னால் முதலாவதை மட்டும் செய்கிறான்", "கதை நேரத்தில் எழுந்துவிடுகிறான், படம் வரையும்போது இல்லை" என்று எழுதினால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது. ஒரே அறையில் இரண்டு வகுப்பை வைத்துக்கொண்டு இதைச் செய்வது லேசில்லை என்று எனக்கும் தெரியும் தங்கச்சிகளா. வாரத்துக்கு ஒரு பிள்ளை என்று பார்த்தால்கூடப் போதும்.

எங்கள் பையனுக்குக் காது பார்த்தாகிவிட்டது. இரண்டு பக்கமும் நீர் கோத்திருக்கிறதாம். மருந்து கொடுத்திருக்கிறார்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி சோதனை. பேச்சுப் பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் போகிறான். பேச்சு பின்தங்கியதற்குக் காது மட்டும்தான் காரணமா என்று அவர்கள் இன்னும் சொல்லவில்லை. அந்தப் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கச் சொல்லி, நானே வாசகம் சொன்னேன்: பையனை முன்வரிசையில் உட்கார வையுங்கள், முகத்தைப் பார்த்துச் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள். திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். இன்னும் பதில் இல்லை.